இஸபெல் மாமிக்காக ஓர் ஒத்திகை

சேலையூர்,
மார்கழி, ஞாயிறு காலை

அன்புள்ள நித்யாவுக்கு அப்பா நிறைய ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. நீயும் தியாகோவும் அவன் அம்மாவும் அந்தக் குளிரில் சளி, ஜுரம் எதுவும் இல்லாமல் இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே உடம்பைப் பொறுத்தவரை இரண்டு பேரும் சௌக்கியம், அம்மாவுக்கு முழங்கால் வலி எப்போதும்போல, எனக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது. மனசைப் பற்றிக் கேட்டால்தான் என்ன எழுதுவது என்று தெரியவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை, நேற்றுக் காலை பால் வாங்கப் போனவன் பாலை மறந்துவிட்டு கேம்ப் ரோடு வரைக்கும் நடந்து வெறுங்கையோடு திரும்பி வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்தக் காலத்தில் பேப்பரும் பேனாவும் எதற்கு, போனில் சொல்லக்கூடாதா என்பாய். போன் எடுத்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், ஆனால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள், நீயானால் எடுத்தவுடன் அம்மா என்ன சொன்னா, அம்மா என்ன சொன்னா என்று கேட்கிறாய், அவளை எதிரில் வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்ல. அதனால் எழுதிப் போஸ்ட் பண்ணிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தியாகோவைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப்போகிற விஷயத்தை நீ சொன்ன நாளிலிருந்து அம்மா கத்தவும் இல்லை, அழவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தை பிறந்ததும் நீங்கள் மூன்று பேரும் வருகிறீர்கள், அவன் அம்மா நம்மைப் பார்த்துப் பேசத்தான் அவ்வளவு தூரம் வருகிறாள் என்று நீ சொன்ன அன்றைக்குச் சாத்தமுதுக்குப் புளி கரைத்துக்கொண்டே, வரவாளை நீங்க பாத்துக்கோங்கோ, நான் ஸ்ரீரங்கத்துல அக்காவாத்துல இருந்துட்டு வரேன் என்றாள். ஏதோ கத்தரிக்காய் விலை சொல்கிற குரலில். நான் சண்டை போட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், இரண்டு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன், மூன்றாவது வேளை எனக்கே பசி தாங்கவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் மறைத்துக்கொண்டு போனில் எல்லாம் சரியாகிடும்மா என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் இல்லாத வீட்டில் சம்பந்தி அம்மாளை உட்கார வைத்து நான் எந்த முகத்தோடு காபி கொடுப்பேன், சொல்.

தியாகோவின் அம்மா இஸபெல் மாமிக்குப் பழைய இடங்கள் பார்க்க ஆசை என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டேன். தாம்பரத்துக்கு வந்து வாழ்நாளில் பாதி ஓடிவிட்டது, எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டேஷன், ஆபீஸ், பாங்க், காய்கறிக் கடை. சரி, இப்போதாவது பார்த்து வைத்துக்கொள்ளலாம், யாராவது கேட்டால் முழிக்கக்கூடாது என்று நெட்டில் படித்தேன், அம்மாவிடம் போய், எனக்கு இங்கிலீஷ் தடுமாறும், நீ இஸபெல் மாமி மாதிரி கூட வா, நான் சொல்லிப் பாத்துக்கறேன் என்றேன். பெரிய தந்திரம் பண்ணிவிட்டதாக நினைப்பு எனக்கு. உங்களுக்கென்ன பைத்தியமா என்றாள். ஆனால் மறுநாள் நான் செருப்பு மாட்டும்போது புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், தனியாப் போனா ஊர்ல இருக்கறவாகிட்ட எல்லாம் உளறிண்டு வருவேள், அதான் வரேன் என்றாள்.

முதலில் மாடம்பாக்கம். இத்தனை வருஷமும் பக்கத்திலேயே ஆயிரம் வருஷக் கோவிலை வைத்துக்கொண்டு கல்யாணச் சாப்பாட்டுக்கு மட்டுமே அந்தப் பக்கம் போயிருக்கிறோம், வெட்கமாக இருந்தது. கருவறைக்குப் பின்பக்கம் யானையின் முதுகு மாதிரி வளைந்திருப்பதைக் காட்டி நான் எலிபென்ட், பேக் சைட், சோழா கிங் என்று கையை வளைத்து வளைத்துச் சொல்ல, அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, எனக்கு ஒண்ணும் புரியலை, இந்த ஊர்ல நல்ல காபி எங்கே கிடைக்கும் என்று தமிழிலேயே கேட்டாள். சரபேஸ்வரர் தூணுக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், அங்கே மட்டும் நரசிம்மரை அடக்க வந்த மூர்த்தியாயிற்றே என்றோ என்னவோ தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள், இஸபெல் மாமி ஐயங்கார் இல்லை, நீ நின்னு பார்க்கணும் என்றேன், முறைத்தாள். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனோம், பழைய கடிகாரம், பழைய டெலிபோன், உடைந்த தையல் மிஷின் எல்லாம் தரையில் பரப்பியிருந்தார்கள், அம்மா இஸபெல் மாமியாகவே பேரம் பேசி ஒரு பித்தளை விளக்கை வாங்கிவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது, எனக்கும் ஒரு நப்பாசை. ஆனால் இரவு அக்காவுக்குப் போன் போட்டு ஸ்ரீரங்கத்துக்கு எந்த ரயில் சௌகரியம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியாகப் பரங்கிமலை. எதிர் வீட்டு ஹெப்சி டீச்சர்தான் சொன்னார், அந்த அம்மா போர்ச்சுகல் என்கிறீர்களே, மலைமேல் இருக்கிற சர்ச் போர்ச்சுகீசியர்கள் கட்டியது, ஐந்நூறு வருஷம் ஆயிற்று, கட்டாயம் காட்டுங்கள் என்று. அம்மா அதற்கும் நொட்டை சொன்னாள், அவ்வளவு தூரம் பறந்து வந்து தன் ஊர்க் கோவிலையா பாப்பா, புதுசா ஏதாவது காட்டக்கூடாதா என்று. போன வியாழக்கிழமை மின்சார ரயிலில் போனோம். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ, அடிவாரத்தில் பழைய வளைவு, அதிலிருந்து படி மேலே மேலே போகிறது, வழியெல்லாம் சிலுவைப் பாதையின் சிற்பங்கள். வண்டி போகத் தனி ரோடு இருப்பது இந்த மேதாவிக்குத் தெரியவில்லை. பாதியில் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. மெழுகுவர்த்தி விற்கிற அம்மாள் ஒருத்தி பார்த்துவிட்டு, இன்னா சார், அம்மாவ இப்டி இஸ்துகினு போற, மூஞ்சியெல்லாம் செவந்துகினு கீது பாரு, குந்த வையி மொதல்ல என்று என்னை ஒரு பிடி பிடித்தாள். படியிலேயே உட்கார்ந்தோம். நான் சும்மா இருக்கிற ஆளா, போர்ச்சுகீஸ் பீப்பிள் என்று ஆரம்பித்தேன். அம்மா கையை உயர்த்தி நிறுத்தி, மிஸ்டர் ரங்கன் என்றாள்.

நித்யா, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பெயரை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை, உனக்கே தெரியும், ரேஷன் கடையில்கூடக் கார்டைத்தான் காட்டுவாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மிஸ்டர் ரங்கன், கோவில் காட்டினேள், சந்தை காட்டினேள், மலை காட்டறேள், ரொம்ப சந்தோஷம், உங்காத்து மாமியை மட்டும் இன்னும் காட்டலையே, எங்கே அவ என்று கேட்டாள். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, அவ ஊர்ல இல்லை, ஸ்ரீரங்கம் போயிருக்கா என்றேன். என்ன விசேஷம் என்றாள். அக்காவைப் பார்க்க என்றேன். நான் வரேன்னு அவளுக்குத் தெரியுமோ என்றாள். தெரியும் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், என் பிள்ளையைப் பிடிக்கலையா அவளுக்கு, அவன்மேல என்ன குறை, நன்னாத்தானே வளர்த்திருக்கேன், அப்பா இல்லாத பிள்ளைங்கறதாலயா, இல்லே நான் மீன் சாப்பிடறவங்கறதாலயா, இந்த முழங்காலை வெச்சுண்டு அவளைப் பார்க்கத்தானே வந்தேன் என்றாள். கேட்கக் கேட்கக் குரல் உடைந்துவிட்டது. நடிக்கற எனக்கே இப்படி இருக்கே, நிஜமா வரவளுக்கு எப்படி இருக்கும் என்று தன் குரலில் சொல்லிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மேலே சர்ச்சுக்குள் போய்க் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். பெஞ்சில் யாரோ ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள், அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், மாமி வந்தா இங்கே கொஞ்ச நேரம் தனியா விடுங்கோ, கூடவே நின்னு பேசிண்டே இருக்காதீங்கோ என்றாள். வெளியே வந்து சுவர் ஓரம் நின்றோம், அங்கிருந்து மீனம்பாக்கம் ரன்வே முழுதும் தெரிகிறது, ஒவ்வொன்றாக விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கேதான் வாய் திறந்தாள். அவளை உறுத்தியது மதமும் இல்லை, மீனும் இல்லை, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதும் இல்லை. நித்யா முன்னெல்லாம் ஹலோ சொல்றதுக்கு முன்னாடியே சிரிப்பா, இப்போ அவ போன்ல சிரிச்சு நான் கேட்டே எத்தனை நாளாச்சு, அங்கே அவளுக்கு என்ன குறையோ, யார் எனக்குச் சொல்லுவா, நீங்க சொல்ல மாட்டேள், அவளும் சொல்ல மாட்டா, அது தெரியாம எந்த மனசோட அவாளை உக்கார வெச்சு உபசரிப்பேன் என்றாள். அடியே, அவ உனக்குப் பயந்துண்டுதாண்டி சிரிக்காம இருக்கா என்றேன். இருக்கலாம், ஆனா அது உங்க ஊகம் என்றாள். திரும்பும் ரயிலில் தாம்பரம் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ ஸ்ரீரங்கம் உண்டா இல்லையா என்று கேட்க நாக்கு துடிக்கிறது, கேட்டால் காரியம் கெட்டுவிடுமோ என்று பயம், ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே வந்தேன், ரயிலில் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

இது வரைக்கும் காலையில் எழுதி மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்திருக்கிறாள். போச்சுடா என்று நின்றேன். அவள், ரெண்டு வேளை சாப்பிடாததை எழுதினேளே, அந்த ரெண்டு வேளையும் ஹெப்சி டீச்சர் ஆத்துல கேக் சாப்பிட்டதை ஏன் எழுதலை என்றாள். அப்புறம் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இனிமே நான் சொல்றதை எழுதுங்கோ என்றாள். அதனால் இனி வருவதெல்லாம் அவள் வார்த்தை என்று எடுத்துக்கொள். அவள் ஸ்ரீரங்கம் போகவில்லை. மாமியைப் படியேற விடக்கூடாது, ரோடு வழியாக வண்டியில்தான் மேலே கூட்டிப் போக வேண்டும். பொங்கல் கூட்டம் திரும்புகிற நாட்களில் காரில் காஞ்சிபுரம், மகாபலிபுரம் என்று கிளம்பக்கூடாது, பெருங்களத்தூரில் மாட்டிக்கொண்டால் மாமி ஊரையே வெறுத்துவிடுவாள். மாமிக்கு எந்த மாத்திரை, எந்தத் தலையணை, காரம் எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். மீன் நம் வீட்டில் கிடையாது, அதற்குப் பதிலாக என்ன செய்தால் வயிறு நிறையச் சாப்பிடுவாள் என்றும் கேட்கிறாள். நீ தைராய்டு மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா.

உனக்கும் தியாகோவுக்கும் எங்கள் இருவருடைய பரிபூரண ஆசீர்வாதம், இருவருடைய என்று இந்தத் தடவை தைரியமாக எழுதுகிறேன். இஸபெல் மாமிக்கு எங்கள் நமஸ்காரத்தைச் சொல். ஒன்றே ஒன்று மட்டும் மறந்துவிடாதே. மாமியிடம் அம்மா தானே ஒரு வார்த்தை கேட்க வேண்டுமாம், நீ நடுவில் நின்று மொழிபெயர்க்கக்கூடாதாம், நீ பூசி மெழுகிவிடுவாயாம், என் இங்கிலீஷும் வேண்டாமாம். அதை அவர்கள் பாஷையில் எப்படிச் சொல்வது என்று தமிழ் எழுத்தில் எழுதி உடனே அனுப்பு, நீங்கள் வருவதற்குள் பாடம் பண்ணிவிடுவாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்தும் மாற்றாதே:

என் பொண்ணு உங்காத்துல சிரிக்கறாளா?

உன் அப்பா,
கஸ்தூரிரங்கன்
பக்கத்தில் அம்மா, வேதா