எட்டு மணிக்கு எடுத்த இரத்தம்

தன்னாமுனை,
ஞாயிறு.

அன்புள்ள மகன் அன்ரோவுக்கு,

மாதாவின் துணையால் நீ கனடாவில் நலமாயிருக்க வேண்டும். இங்கே அம்மா சுகம். என்னைப் பற்றிப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மாசியிலிருந்து எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை மகன், கவலையும் இல்லை சந்தோசமும் இல்லை. ஒருநாள் வலை நிறைய இறால், கழற்றாமல் வள்ளத்திலேயே இருந்துவிட்டேன். வெயில் ஏறி அம்மா கரைக்கு வந்து, "இஞ்சேருங்க, றால் கிடந்து நாறுது, என்ன நடந்த உங்களுக்கு" என்று அழுதாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டொக்டர் உன் வயதுப் பிள்ளை, மனச்சோர்வு என்றார். நெருக்கடி வந்தால் உடம்பில் கோட்டிசோல் என்று ஒன்று சுரக்குமாம், காலையில் ஏறிப் பின்னேரம் இறங்க வேண்டுமாம், மனச்சோர்வு உள்ள சிலருக்கு இறங்காதாம். உடம்பில் வேறு வருத்தம் ஏதும் இருக்கிறதா என்றும் பார்க்க, காலை எட்டுக்கும் பின்னேரம் நாலுக்கும் இரத்தம் எடுத்தார்கள். நான் வழக்கம்போல இரவு முழுக்க வாவியில் வலையோடு நின்றுவிட்டு நேரே போய்க் கையை நீட்டினேன். முடிவு குழம்பிப்போய் வந்தது. எப்போது நித்திரை கொள்வீர்கள் என்று அவர் கேட்ட பிறகுதான், எட்டு மணி எனக்குப் படுக்கப்போகிற நேரம் என்பது வெளியில் வந்தது. "ஐயா, இத முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். இரண்டு கிழமை, பதினாலு இரவும், தொழிலுக்குப் போகாமல் வீட்டில் படுத்தெழும்பித் திரும்பக் கொடுத்தேன். காலையும் அளவு கூட, பின்னேரமும் இறங்காமல் கூட. வள்ளத்தைக் கட்டிய பிறகும் எஞ்சின் ஓடுகிற மாதிரியா என்று கேட்டேன், ஓம் என்றார். இதை மட்டும் வைத்து நோய் சொல்வதில்லை, ஆனால் நீங்கள் சோம்பேறி இல்லை ஐயா என்றும் சொன்னார்.

அந்தச் சொல்லை நான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். முந்தின வருசம் நீ போன் எடுத்து, கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை என்றாய். "மூணு நேரமும் திண்டுபோட்டுப் படுக்கிற சோம்பேறிக்கு என்னடா வருத்தம், எழும்பி வேலைக்குப் போ" என்றேன். அதோடு நீ அங்கே டொக்டர் தந்த குளிசையை விட்டுவிட்டாய் என்று அம்மா போன மாதம்தான் சொன்னாள். நான் சொன்னது பிழை மகன். அழுகை வருவதில்லை எனக்கு, வருவதென்றால் இதை எழுதும்போது வந்திருக்கும். இப்போது நானும் மூன்று நேரமும் தின்றுபோட்டுப் படுத்துத்தான் கிடக்கிறேன்.

திரும்ப டொக்டரிடம் போ. எனக்குப் பின்னேரத்தில் ஒரு குளிசை தந்திருக்கிறார்கள். அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே பின்னேரம் ஐந்தரை. அவர் திரும்பத் தந்தால், காலையில் நீ உன் குளிசையை எடுக்கிற வரைக்கும் நான் தண்ணீரோடு காத்திருப்பேன். எடுத்துவிட்டு ஒரு சொல் அனுப்பு, பிறகு நானும் போடுகிறேன்.

ஆண்டவர் உன் தலையில் கை வைத்திருக்கட்டும்.

உன் அப்பா,
அருளப்பு