கொழும்பு தெரியும் பனை

அய்யா உண்டு

மணல்விளை விடிலி,
கொல்லம் 1130, சித்திரை 16.

கொழும்புப் பட்டணத்துப் புடவைக்கடையில் கஜக்கோல் பிடித்து ஆட்சி செய்யும் அண்ணன் வைகுண்டராஜனுக்கு, அம்மை சொர்ணம்மாள் அடுப்படியில் நின்று சொல்லச் சொல்ல, தம்பி செல்வன் மணலில் கவிழ்ந்து படுத்து எழுதும் கடிதம். இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், தாங்கள் பங்குனி மாதம் அனுப்பிய கடிதத்தின் நாலாம் பக்கத்தை, அது வந்து சேர்ந்த வெள்ளிக்கிழமையே, நான் மூன்றாம் பக்கம் வாசித்துக்கொண்டிருக்க, அம்மை மூக்கைச் சிந்தத் திரும்பிய நேரம் பார்த்து, நம் ஒற்றைக்கொம்பு ஆடு தின்றுவிட்டது. முதல் மூன்று பக்கங்களுக்குச் சேதமில்லை. ஆட்டுக்கும் சேதமில்லை. நாலாம் பக்கத்தில் தாங்கள் ஏதாவது உத்தரவு போட்டிருந்தால் அது ஆட்டின் வயிற்றுக்குள் அமலில் இருக்கிறது, வெளியே அமலில் இல்லை என்று அறியவும்.

இங்கே நாலு பேரில் மூன்று பேருக்குச் சுகம், ஒருவருக்குக் கோபம். கோபம் அம்மைக்கு. அதுவும் நல்ல ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. உன் உடம்பும் அங்கே அப்படியே திடமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறாளாம், உன்னோடு சண்டை போட நீ திடமாக இருக்க வேண்டுமே. முதலில் சண்டையை எழுது, பிந்தினால் ஆறிப்போகும் என்கிறாள். இந்தக் கோடையில் பனைவிளைக்குள் ஓலைக் குடிசை கட்டி விடிலி போடக் கூடாது, அப்பா பனையைத் தொடக் கூடாது, அம்மை பனையில் இறக்கிய அக்கானியைக் கருப்பட்டிக்குக் காய்ச்சக் கூடாது, எல்லோரும் ஊர்வீட்டு நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து நீ அனுப்புவதைத் தின்றுகொண்டிருக்க வேண்டும் என்று நீ எழுதியதை இரண்டு தடவை உரக்க வாசித்தேன். இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னது சந்தோஷத்தில் அல்ல. வாசித்து முடித்ததும் ஓலை வெட்ட ஆள் சொல்லி அனுப்பினாள். மூன்றாம் நாள் விடிலி நின்றது. கிழக்கே வாசல், மேற்கே அடுப்பு, நடுவில் நீ முதுகு சாய்த்துக் கணக்குப் படித்த அதே பனந்தூண். தூணில் நீ ஆணியால் கீறிய வாய்ப்பாடு இப்போதும் இருக்கிறது. ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று கீறி வைத்திருக்கிறாய். இந்தக் கணக்கோடு உன்னைக் கடையில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பது நான் கேட்பது, அம்மை கேட்பது அல்ல.

அம்மை கேட்பது வேறு. உன் மூன்று பக்கத்திலும் கோடை என்றால் புகை, சுடுமணல், கண் எரிச்சல் தவிர ஒன்றும் இல்லையாம். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவன் உன் சட்டையை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தான் என்று எழுதியிருந்தாயே, அது அம்மைக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. வாசித்ததைக் கேட்டு அவள் அகப்பையை அசைக்காமல் நின்றாள். கஞ்சிப்பானை பொங்கி அடுப்பை அணைத்தது. தங்கை பூங்கனி ஓடிப்போய் ஓலையைத் திணித்து ஊதி மறுபடி பற்றவைத்தாள். இன்றைக்கு அதற்குப் பதில் எழுதவா என்று கேட்டேன். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். “மக்கா, பொகை உள்ளதுதான். அதை நீ எடுத்துக்கிட்டுப் போயிட்ட. மத்ததை எல்லாம் யாருக்கு வச்சிட்டுப் போன?”

மற்றது எது என்று நீ கேட்பாய் என்று அவளே சொல்கிறாள், எனக்கு எழுதி மாளவில்லை. மரச்சீனிக் கிழங்கைப் பனைநாரில் கட்டிக் கொதிக்கிற அக்கானிக்குள் தொங்கவிட்டு, வெந்ததா வெந்ததா என்று முப்பது தடவை தூக்கிப் பார்த்து, கடைசியில் நார் அறுந்து கிழங்கு பானைக்குள் போய், அன்றைய கருப்பட்டி முழுக்கக் கிழங்கு மணத்தது யாருடைய வேலை. கருப்பட்டியாக உறையுமுன் இருக்கும் பாகை, அந்தக் கூப்பனியை, கை நிறைய வழித்துத் தின்றுவிட்டு எறும்பு தின்றது என்று சொன்னது யார். அதைச் சொல்லும்போது மூக்கு நுனியில் கூப்பனி ஒட்டியிருந்ததாம். சித்திரைக் காற்று ஒருநாள் நட்டுச்ச வெயிலில் விடிலிக் கூரையை அப்படியே தூக்கிக்கொண்டு போனபோது, எல்லோரும் அடுப்பைப் பார்த்து ஓட, நீ மட்டும் தூணைக் கட்டிக்கொண்டு, நம்ம வீடு பறக்குது நம்ம வீடு பறக்குது என்று சிரித்தாயாம். எனக்கு அப்போது மூன்று வயது, சாட்சி சொல்ல முடியாது. ஆனால் அம்மை அதைச் சொல்லும்போது துடுப்போடு கையைத் தூக்கிக் காட்டினாள், பாகு என் தாளில் தெறித்தது. மேலே தெரியும் கறை அதுதான், கண்ணீர் என்று எண்ணி உருகாதே.

நம் பனைகளுக்குப் பெயர் வைத்தது நீதானே. எவ்வளவு சீவினாலும் சொட்டாத பனைக்கு மாமியார். வளைந்து ஊரையே எட்டிப் பார்க்கும் பனைக்கு அம்பலக்காரர். விளையின் தெற்கு ஓரத்தில் எல்லாவற்றையும் விட உயரமாக நிற்பதற்குக் கொழும்புக்காரி, அதன் உச்சியில் நின்றால் கொழும்பு தெரியும் என்று நீ சொன்னதால். எனக்கு ஆறு வயதில் அதை நீ சத்தியம் செய்து சொன்னாய். கப்பல் தெரியும், விளக்கு வரிசை தெரியும், தெருவில் நடக்கிற ஆளின் குடை நிறம் தெரியும் என்றாய். அதற்கு நாலு வருஷம் கழித்து நீயே அங்கே போய்விட்டாய். அம்மைக்கு இன்னும் அந்தப் பெயர்கள்தான். இப்போது நம் பனை ஏறும் கோலப்பன் மாமாவிடம், இன்னைக்கு மாமியாரு என்ன சொல்லுதா என்று கேட்பாள். மாமாவின் சொந்த மாமியார் பக்கத்து விடிலியில் இருப்பது அவளுக்கு நினைவு வராது. புகையை மட்டும் எடுத்துக்கொண்டு போனவன் இந்தப் பெயர்களை ஏன் விட்டுவிட்டுப் போனான் என்று கேட்கச் சொல்கிறாள். வீட்டு நிழலில் காலை நீட்டி இருந்தால் இதெல்லாம் எங்கே இருக்கும் என்றும் கேட்கச் சொல்கிறாள். இதற்கு நீ பதில் எழுதவேண்டாம், வந்து சொன்னால் போதும்.

அப்பாவைப் பற்றி. போன ஆடியில் மாமியாரில் இருந்து விழுந்த கணுக்கால் இப்போது ஊன்றும் அளவுக்கு வந்திருக்கிறது. கோட்டாற்று ஆசான் சொன்னபடி எண்ணெய்க் கட்டு தினமும் மாற்றுகிறோம். நடையில் ஒரு சாய்வு இருக்கிறது, ஆனால் அப்பா முன்பே யாரோடும் சேர்ந்து நடக்கிறவர் இல்லை, அதனால் தெரியாது. நம் முப்பது பனையையும் கோலப்பன் மாமா ஏறுகிறார், ஒருநாள் அக்கானி அவருக்கு, மறுநாள் நமக்கு. அப்பா அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார், பாகைச் சிரட்டை அச்சில் ஊற்றுகிறார். ஏறுவதில்லை என்று எழுது என்றாள் அம்மை. அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, நானும் தாளை விட்டுத் தலை தூக்கவில்லை. இந்த இடத்தில் அம்மை சொல்லாத ஒரு வரியைச் சேர்க்கிறேன். முப்பதில் பதினெட்டுத்தான் மாமாவுக்கு, மீதிப் பன்னிரண்டும் ஏறுவது உன் தம்பி. நாலாம் பாரம் பரீட்சை எழுதிய கையோடு பாளை சீவுகிறேன். ஒரு பனைக்கும் இன்னொரு பனைக்கும் நடுவில் மூச்சு வாங்குவதுகூட இல்லை. இடுப்பில் அரிவாள் பெட்டியோடு என்னைப் பார்த்தால் நீ எழுந்து நின்று கும்பிடுவாய். உன் காலத்தில் நீ நாலு பனைக்கு மேல் ஏறியதில்லை என்று மாமா சொன்னார், நான் கேட்காமலே சொன்னார்.

பூங்கனிக்குப் பன்னிரண்டு முடிந்தது, வாய்க்கு இருபது. ஓலையில் பட்டை மடித்து அக்கானி குடிக்க அவளை மிஞ்ச ஆள் இல்லை. அண்ணன் வரும்போது ரிப்பன் கொண்டுவரட்டும், சிவப்பு வேண்டாம் என்கிறாள். அம்மை உனக்குச் சொல்லும் புத்திகள் வருமாறு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, கடைக்காரர் லீவு தராவிட்டால் ஞாயிறு குளி, குளிக்காமல் மட்டும் இருக்காதே. ஓட்டலில் மீன் தின்னாதே, அது எந்தக் கடல் மீன் என்று யாருக்குத் தெரியும் என்கிறாள். அங்கேயும் இதே கடல்தான் என்று சொன்னேன். கடல் ஒண்ணுதான், சட்டி ஒண்ணா என்று கேட்டாள். பதில் தெரிந்தால் எழுது. இரவில் வாசித்துக் கண்ணைக் கெடுக்காதே, புகையில் கெடாத கண்ணை அங்கே போய்க் கெடுத்துக்கொண்டு வராதே.

வைகாசியில் உனக்குப் பதினைந்து நாள் லீவு என்று தை மாதமே எழுதியிருந்தாய். அம்மை அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஊர்வீட்டுக்குப் போகாதே, அது பூட்டிக் கிடக்கிறது, சாவி அம்மையின் முந்தானையில் இருக்கிறது. நேரே விடிலிக்கு வா. வந்து இந்த மணலில் நின்று, அம்மா இது எனக்கு வேண்டாம் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அப்படிச் சொல்லிவிட்டால் அடுத்த வருஷம் விடிலி இல்லை, அவள் வாக்கு. தாளில் எழுதி அனுப்பினால் செல்லாது. “கொழும்புல இருந்துக்கிட்டு என் அடுப்பை அணைக்கப் பாக்கியா? வந்து ஊதி அணைச்சிட்டுப் போ” என்றாள். இதையும் எழுத்து மாற்றவில்லை.

நீ நூறு வருஷம் நல்ல உடம்போடும் நல்ல பெயரோடும் இருக்க வேண்டும், உன் கையில் பிடித்தது பெருக வேண்டும், நாம் கும்பிடும் அய்யா உன் கூடவே நிற்க வேண்டும் என்று அம்மையும் அப்பாவும் உன் தலையில் கைவைத்துச் சொல்வதாக நினைத்துக்கொள். மறக்காமல் லீவு தேதியை உடனே எழுது, உனக்கென்று ஒரு பாய் முடைந்துகொண்டிருக்கிறாள், அளவு பழைய அளவுதானா, வளர்ந்திருக்கிறாயா என்று கேட்கிறாள். கீழே இருப்பது அம்மையின் பெருவிரல். விடிலியில் அதற்கு மை இல்லை, கூப்பனியில் வைத்திருக்கிறாள். எறும்பு ஏறாமல் கடல் தாண்டி வந்தால் நக்கிப் பார்.

அண்ணா, இனி உள்ளது அம்மை சொன்னது இல்லை. அவள் சிரட்டை அடுக்கப் போய்விட்டாள். பூங்கனிக்கு எழுத்துக்கூட்டத் தெரியும் என்பதால் பொடியாக எழுதுகிறேன். நாலாம் பக்கத்தை ஆடு தின்னவில்லை. மூன்றாம் பக்கம் வாசிக்கும்போதே என் கண் அடுத்த தாளுக்குப் போய்விட்டது. விடிலி போட்டால் லீவுக்கு வரமாட்டேன், இனி எப்போதும் வரமாட்டேன், நீங்களும் உங்கள் பனையுமாக இருந்துகொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாய். எதையும் உரக்க வாசிக்கிற நான் அதை மட்டும் வாசிக்கவில்லை. தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஆட்டை அடித்தேன். அடித்ததால் அம்மை நம்பினாள். அது பாவம், வாங்கிக்கொண்டது.

பன்னிரண்டு பனை என்றதும் பொய். முப்பதும் மாமாதான் ஏறுகிறார். நான் ஏறியது ஒன்று, அதையும் ஏறினேன் என்று மட்டும்தான் சொல்லலாம், இறங்கினேன் என்று சொல்ல முடியாது. விடிலிக்கு வந்த நாலாம் நாள் உச்சிவெயிலில், மாமா சாப்பிடப் போன நேரம், அப்பா பனையேறப் பூட்டும் தளைநார் வளையத்தைக் காலில் மாட்டிக்கொண்டு கொழும்புக்காரியில் ஏறினேன். ஒருவர் காலுக்குப் பின்னிய தளைநார் இன்னொருவர் காலுக்கு ஆகாது என்று பனையேறி வீட்டில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எப்படியோ உச்சியைத் தொட்டு மட்டைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டேன், உட்கார்ந்ததும் தளைநார் காலைவிட்டுக் கழன்று கீழே போனது. அது தரையில் விழ எடுத்துக்கொண்ட நேரத்தில் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லி முடித்திருக்கலாம். நான் கூப்பிடவில்லை என்று எழுத ஆசை. கூப்பிட்டேன். எம்மோ என்று கூப்பிட்டேன், வந்தது அப்பா. அண்ணாந்து பார்த்தார், வையவில்லை. எண்ணெய்க் கட்டை அவிழ்த்து எறிந்தார். விழுந்து கிடந்ததைத் தன் காலில் மாட்டினார், மாமாவின் பழைய தளைநாரைச் சின்னதாக முடிந்து பல்லில் கடித்துக்கொண்டார், ஏறினார். அம்மை பானையை விட்டு ஓடிவந்து கீழே நின்றாள். ஆடியில் விழுந்த மனுஷன் ஏறுவதைப் பார்த்து, விழுந்தால் பிடிக்க என்று முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். அதற்குப் பின் அப்பா ஏறவில்லை, இது மெய்.

மேலே வந்து பக்கத்து மட்டையைப் பிடித்துக்கொண்டு, என்னத்துக்குலே ஏறின என்று கேட்டார். நாலாம் பக்கத்தைச் சொன்னேன். கொழும்பு தெரியும் என்று நீ செய்த சத்தியத்தையும் சொன்னேன். பதினைந்து வயதில் இதைச் சொல்ல எவ்வளவு வெட்கம் என்று உனக்குத் தெரியாது. அப்பா உடனே இறங்கச் சொல்லவில்லை. தென்கிழக்கே பார்த்துக்கொண்டே இருந்தார். கடல் இருந்தது, கடல் மேல் வெயில் இருந்தது. தெரியுதாப்பா என்று கேட்டேன். “அவனுக்குத் தெரிஞ்சுதுலே. நம்ம கண்ணு அவ்வளவு தூரம் போவாது” என்றார். பிறகு என் காலைப் பிடித்துச் சின்னத் தளைநாரை மாட்டிவிட்டு, கீழே பார்க்காமல் தன் தலையைப் பார்த்து இறங்கச் சொன்னார். அம்மையிடம் நாலாம் பக்கத்தைச் சொல்லாதே, அவனுக்கும் ஒன்றும் எழுதாதே என்றார். முதலாவதைக் கேட்டேன், இரண்டாவதைக் கேட்கவில்லை.

அந்தத் தாள் என் புத்தகப் பெட்டிக்கு அடியில் மடித்தபடி இருக்கிறது. ஆடு வாசலில்தான் கட்டிக் கிடக்கிறது, என்னைக் கண்டால் இப்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வைகாசியில் வருகிறேன் என்று ஒரு வரி எழுதிப் போடு. அன்றைக்கே தாளை அதற்குத் தின்னக் கொடுத்து, நான் சொன்ன பொய்யை மெய்யாக்கிவிடுகிறேன்.

ஒரு பனைகூட ஒழுங்காக ஏறி இறங்காத உன் தம்பி,
மு. செல்வன்