வாப்பாவின் தோணியும் என் வேலையும்

வியாழன் இரவு, கற்பிட்டி

நான் வேலை செய்யும் ஹோட்டலுக்கு முன்னால் வாப்பாவின் தோணி நிற்பது, பட்டம் கட்டிக் கடலில் விளையாட வரும் வெள்ளைக்காரர்களுக்கு இடைஞ்சலாம். "வாப்பாக்கிட்டச் சொல்லி எடுக்க வைங்க, மகள்," என்றார் மெனேஜர். காரியம் ஆகவேண்டுமென்றால் மட்டும் நான் மகள். வாப்பாவிடம் கேட்டா ஹோட்டல் கட்டினார்கள்?

"நான் ரிசெப்ஷனுக்கு வந்த ஆள், சேர். தோணியப் பத்தி நீங்களே கரைக்குப் போய்க் கதைங்க."

"வேலை வேணாமா?"

"இந்த வேலை வேணும். அந்த வேலை வேணாம்."

அவர் தன் அறைக்குள் போய்விட்டார். வீட்டில் சொன்னதும் வாப்பா சிரித்தார். "கெட்டிக்காரி! அப்ப, நம்மட மீன வாங்கச் சொல்லியும் அவரிட்ட ஒரு வார்த்தை கதையேன்."

"அதையும் நீங்களே கதைங்க, வாப்பா."

மெனேஜரிடம் சொன்னதைவிட இதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. வாப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். உம்மா முறைக்கிறா. முறைக்கட்டும். நாளைக்கும் வேலைக்குப் போவேன். தோணியும் அங்கேயே நிற்கும்.