தூக்கக் கணக்கு

1958, மார்கழி 4, வெள்ளி

பனி. எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. மகள் சரோஜாவுடன் காக்ஸ் டவுன் டாக்டரம்மாவிடம் போனேன். சர்க்கரை பார்க்க, நீல மருந்தில் என் சிறுநீரைச் சொட்டு விட்டுக் காய்ச்சினார். பச்சை, கொஞ்சம் இருக்கிறதாம். முற்றிப்போன அக்காவுக்குச் செங்கல் நிறம் வரும்.

"வயசென்னம்மா?"

"தையில நாப்பத்தாறு முடியுது."

"ராத்திரி எத்தனை மணி தூங்கறீங்க?"

"மூணு. சில நாள் நாலு."

"மாசாமாசம் வர்றது நிக்கிற வயசு. முன்ன தாங்கின உடம்பு இப்ப தாங்காது. தூக்கம் கொறைஞ்சா சர்க்கரை ஏறும். பத்தியம் மட்டும் போதாது, ஏழு மணி நேரம் தூங்கணும். ஒரு வாரம் எழுதிட்டு வாங்க. எறங்கலேன்னா ஊசிதான்."

எழுதுவதற்கென்ன. பால், விறகு, சீமெண்ணெய் எல்லாம் எழுதுகிறவள்தானே.

அக்கா தவறிப்போனதும் நாற்பத்தாறு வயசில்தான்.

மார்கழி 6, ஞாயிறு

வெள்ளி: 9½ – 4½. ஏழு மணி.
சனி: 9 – 4. ஏழு மணி.

கோலம், பூஜை ஆயிற்று. வெண்பொங்கல் ஒரு கரண்டி மட்டும்.

டாக்டரம்மாவிடம் சொல்லாதது: கடைசியில் அக்காவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவள் நான். தீராத தாகம் அவளுக்கு. மணிக்கொரு தரம், "குட்டி, தண்ணி." மூன்று ராத்திரி எழுந்து எழுந்து கொடுத்தேன். நாலாவது ராத்திரி தூங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் கை என் பாய்ப்பக்கம் நீண்டபடி, சில்லென்று.

ஆறு வருஷம். கண் அசந்தால் அதே குரல். முருகா.

மார்கழி 11, வெள்ளி

மறுபடி டாக்டரம்மா. மஞ்சள். போன வாரத்தைவிட மோசம்.

"தினம் ஏழு மணி தூங்கியுமா?" என்று என் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சரோஜா போட்டுடைத்தாள். "அம்மா படுத்துக்கிட்டு ஜபம் பண்றாங்க டாக்டர். உதடு அசைஞ்சுக்கிட்டே இருக்கும்."

கண் மூடிச் சாமி பேர் சொல்வதைவிட ஓய்வு ஏது? அதையும் சேர்த்துத்தான் எழுதினேன். பொய் இல்லை.

"சாமிகிட்ட அந்தக் கணக்கைக் காட்டுங்க. எனக்குத் தூக்கம் வேணும்." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒரு வாரம் தவணை.

வீட்டில் இவர்: "நீ முழிச்சுக்கிட்டுக் கெடந்தா உங்கக்கா எழுந்து வந்துடுவாளா?"

சரோஜா பாயை என் பக்கத்தில் போட்டாள். "இன்னிக்கி நான் முழிச்சிருக்கேன். யாரு தண்ணி கேட்டாலும் நான் தரேன். நீ தூங்கும்மா."

மார்கழி 12, சனி

வாசலில் வெயில். கோலம் இல்லை. எதிர்வீட்டுக் கன்னடக்கார ஜெயம்மா, "ஏன்ரீ, உங்க வீட்ல மார்கழி அதுக்குள்ள முடிஞ்சுதா?" ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்தேன். உடம்பு லேசாக இருக்கிறது. அதுவே பயம்.

சரோஜாவுக்குக் கண் சிவந்திருந்தது. காப்பி கொடுத்தேன்.

"தூக்கத்துல பேசினேம்மா நீ."

"என்னன்னு?"

"'இரு அக்கா, தண்ணி காலைல தரேன்'னே. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டே."

வெள்ளி: 11¼ – 7. ஏழே முக்கால்.