தெருவைப் பார்த்த ஸ்பீக்கர்கள்

இராஜபாளையம்
16.6.1994

உயர்திரு சம்பந்தி சுயம்புலிங்கம் அவர்களுக்கு வைகுண்டராஜ் எழுதுவது.

நேற்று மதியம் என் மகள் கனிச்செல்வி, சீராக நான் கொடுத்த இரண்டு ஸ்பீக்கர்களோடு வாடகை வேனில் வந்து என் கடை வாசலில் இறங்கினாள். இன்னும் தாலி பிரித்துக் கோக்கவில்லை. அதற்குள் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். வேன் டிரைவர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, "பெரிய பாக்ஸா ரெண்டு மாத்திக் குடுத்துட்டு, பொறவு பொண்ண அனுப்பச் சொன்னாவ" என்றான். இந்தச் சேதி சொல்ல உங்கள் வீட்டில் வேறு ஆள் இல்லையா? கடையில் சாமான் வாங்க வந்தவர்களும் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றும் சீமையில் இல்லை. பஸ் ஏறினால் அரைமணி நேரம். நேரில் வந்தால் என் வாய் சும்மா இருக்காது, அதனால் எழுதுகிறேன். நலம் விசாரிக்கவில்லையே என்று பார்க்காதீர்கள். நீங்கள் நலமாக இருப்பது உங்கள் காரியத்திலேயே தெரிகிறது.

கடையில் விலைபோகாமல் கிடந்த சரக்கை உங்கள் தலையில் கட்டிவிட்டேன் என்று சீர் இறங்கிய அன்றே சொந்தக்காரர்கள் நடுவே சொன்னீர்கள். "ஸ்பீக்கர் குட்டையா இருக்கே, தண்ணி ஊத்துனா வளருமோ" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணைப் பெற்றவன் என்பதால் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். இன்று அந்த அவசியம் இல்லை.

சைக்கிள் கேரியரில் ரேடியோ செட்டைக் கட்டிக்கொண்டு செட்டியார்பட்டி, மம்சாபுரம் என்று கல்யாண வீட்டுக்கும் சடங்கு வீட்டுக்கும் பாட்டுப் போட்டுத்தான் இந்த ரேடியோ, டிவி கடையை வைத்தேன். சத்தம் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நீங்கள் கேட்டது நெஞ்சு உயரப் பெட்டி. உங்கள் தம்பி வீட்டுக்கு வந்த சீரில் அப்படி வந்ததாம். அதைவிட ஒரு விரற்கடையாவது உயர்ந்து உங்கள் வீட்டுச் சீர் ரத வீதியைச் சுற்ற வேண்டுமாம். வேனில் ஒரு சுற்றுச் சுற்றிய பிறகு அது எங்கே நிற்கும் என்று நீங்கள் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, மாப்பிள்ளைக்கு நீங்கள் ஒதுக்கிய முன்னறையை அளந்தேன். "என்ன சம்பந்தி, வீட்ட வெலைக்குக் கேக்கப் போறியளா" என்று அதற்கும் சிரித்தீர்கள். கட்டிலும் பீரோவும் போக, ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற வழிதான் அங்கே மிச்சம்.

கடைக்குப் பின்னால் இருக்கிற என் சின்ன அறையில் அதே அளவுக்குச் சாக்பீஸால் கோடு போட்டேன். கட்டிலுக்கும் பீரோவுக்கும் பதிலாக டிவி அட்டைப்பெட்டிகளை அடுக்கினேன். நீங்கள் கேட்ட பெரிய பெட்டிகளைத்தான் முதலில் வைத்துப் பார்த்தேன். அந்தப் பெட்டிக்கு முதுகில் ஓட்டை உண்டு, பின்னால் இடம் விட வேண்டும். இடமில்லாமல் சுவரோடு ஒட்டி வைத்ததும் தொம் தொம் என்று, பேஸ் என்கிற அடிச்சத்தம் அறை முழுக்கத் தேங்கி நின்றது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேஜைமேல் வைக்கிற குட்டிப் பெட்டி வாங்கலாம் என்றால் அதற்கு ஒரு ஸ்டாண்டு வேண்டும். ஸ்டாண்டு நிற்கிற இடத்தில் ஒல்லியான இடுப்பு உயரப் பெட்டியே தரையில் நின்றுவிடும். அதைத்தான் கொடுத்தேன்.

இதில் உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை. உங்கள் மகன் பொன்னுராஜ். கல்யாணத்துக்கு முன்னால் என் கடைக்கு வந்து, அந்தச் சாக்பீஸ் கோட்டுக்குள் உட்கார்ந்து இரண்டையும் கேட்டார். பெரியதைக் கேட்டு, "பாடுதவரு கெணத்துக்குள்ள நின்னு பாடுத மாதிரி இருக்கு மாமா" என்றார். சின்னதைப் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்த பிறகுதான் திறந்தார். "இதுதான் மாமா" என்றார். நீங்கள் கேலி பேசிய அன்று அவர் உங்களுக்குப் பின்னால்தான் நின்றார். தன் புது வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு உங்கள் வீட்டில் நடந்ததைக் கனி சொன்னாள். பெட்டி உயரமாகத் தெரிய வேண்டும் என்று இரண்டையும் ஸ்டூலில் ஏற்றி, பட்டுத்துணி சுற்றி, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தீர்களாம். கல்யாண வீட்டில் ரேடியோ செட் குழாயைத் தெருவுக்குத் திருப்புவது ஊர் கேட்பதற்காக. அது ஒரு நாள் கூத்து. குடித்தனம் நடத்துகிற அறையில் ஸ்பீக்கரின் முதுகைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, தகர டப்பா மாதிரி கேட்கிறது என்றால் பழி யார்மேல்? தரையில் நிற்கச் செய்த பெட்டியைப் பரண் ஏற்றினால் அடிச்சத்தம் எப்படி வரும்?

சம்பந்தியம்மா தங்கபாய் என் மகளைப் பார்த்து, "ஏட்டி, ஒங்கப்பன் மனசும் அந்தப் பொட்டி உசரந்தான்" என்றார்களாம். அதற்கு அவள், "நீங்க குடுத்த ரூமும் அம்புட்டுத்தான அத்தை" என்றாளாம். இதுதான் அவளை வேன் ஏற்றிய குற்றம். என் மகள் வாயாடி என்று சொல்கிறீர்கள். ஆமாம். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

இன்று காலை கடை திறக்கும்போது உங்கள் மகன் வந்து நின்றார். மாப்பிள்ளை என்ற மரியாதைக்கு உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தேன். "நீங்க தேர்ந்தெடுத்த பெட்டின்னு ஒங்க அப்பாட்ட சொன்னியளா" என்று கேட்டேன். "அப்பா முன்னால பேசிப் பழக்கமில்ல மாமா" என்றார். கனி அடுப்படியில் இருந்து, "அப்ப பழகிட்டு வாங்க, நான் பொறவு வாரேன்" என்றாள். என் மகள் உங்கள் வீட்டில் வாழ வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் அவளுக்காக வாய் திறக்க ஒருவராவது அங்கே வேண்டும்.

அதனால் மூவரும் பேசி முடிவு செய்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உங்கள் மகனே கொண்டுவந்து, நீங்களும் சம்பந்தியம்மாவும் இருக்கும்போது தன் வாயாலேயே உரக்க வாசிக்க வேண்டும் என்பது கனியின் நிபந்தனை. இந்த வரிவரைக்கும் அவர் நிறுத்தாமல் வாசித்திருந்தால் பாதி நிறைவேறியது. மீதிப் பாதி: பீரோ கூடத்துக்குப் போகும். அதே ஸ்பீக்கர்கள் தரையில், சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி, கட்டிலைப் பார்த்து நிற்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரும் நீங்களும் நேரில் வந்து அவளை அழைத்துப் போக வேண்டும். நீங்கள் வராவிட்டால் வன்னியம்பட்டி ரோட்டில் நான் பார்த்து வைத்திருக்கிற வீட்டுக்கு இரண்டு பேரும் குடிபோவார்கள். அட்வான்ஸ் என்னுடையது, வாடகை உங்கள் மகனுடையது. அதற்கும் அவர் சம்மதித்துவிட்டார்.

இப்படிக்கு,
கனிச்செல்வியின் அப்பா
வைகுண்டராஜ்