விரலில் வைத்த தோல்

ஓசூர்
20.8.2006

அன்புள்ள பவளத்துக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாமலே இதை எழுதச் சொல்கிறேன். எழுதுவது என்னோடு அறையில் தங்கியிருக்கும் மாதவன். அங்கே நீ தங்கியிருக்கும் ஹாஸ்டலின் வார்டன் அம்மா உனக்கு வாசித்துக் காட்டுவார். கணவன் மனைவிக்கு நடுவில் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். பொறுத்துக்கொள்.

எப்போதும்போல் பிரெயிலில், நாம் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தில், எழுதாததன் காரணம் இதுதான். மாசி மாதம் பேக்கிங் செக்‌ஷனில், பை ஒட்டும் சூட்டு மெஷின் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டது. உன்னிடம் லேசான காயம் என்றேன். லேசு இல்லை. விரல் நுனியெல்லாம் வெந்துபோய், தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

உணர்வு எப்போது திரும்பும் என்று டாக்டரிடம் கேட்டேன். நரம்பு வளரும், ஆனால் அது எப்படி அமையும் என்பதைத் தோலும் சேர்ந்துதான் முடிவு செய்யும் என்றார். விரல் நுனியில் நரம்பு முனைகள் நெருக்கமாக அமையுமாம். தொடையில் தள்ளித்தள்ளி, முடியின் வேரைச் சுற்றி நிற்குமாம். தாய் வயிற்றிலேயே ஆன ஏற்பாடாம் அது. இடம் மாற்றி வைத்தாலும் தோல் தன் குணத்தை விடாதாம். இப்போது என் விரலில் முடி முளைத்திருக்கிறது. ஃபேன் காற்று பட்டால் கூசுகிறது. ஆறு புள்ளியும் ஒரே மேடாகத்தான் தெரிகிறது.

"இந்த விரலை வெச்சு இனிமே படிக்க முடியாதுப்பா" என்றார் டாக்டர்.

வைகாசியில் வந்த உன் கடிதத்தை நான் படிக்கவில்லை. படித்தேன் என்று போனில் பொய் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ, "எழுதினபடியே செஞ்சிடட்டுங்களா?" என்று கேட்டாய். "செய்" என்றேன். போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் நீ போனுக்கு வரவில்லை.

எதற்குச் சரி சொன்னேன் என்று எனக்குத் தெரியாது, பவளம்.

எனக்கென்று நீ எழுதியதை இன்னொருவர் தொடுவதில் மனம் ஒப்பவில்லை. தள்ளிப்போட்டேன். கடைசியில் போன மாதம் கிருஷ்ணகிரிக்குப் போய், பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் கிருஷ்ணப்பன் வாத்தியாரிடம் கொடுத்தேன். வெகுநேரம் தடவிப் பார்த்தார். நான் தினமும் அழுத்தித் தேய்த்ததில் புள்ளிகள் அமுங்கிப்போய்விட்டனவாம். தேதியும், "என் வீட்டுக்காரருக்கு" என்பதும்தான் அவருக்குக் கிடைத்தன.

கம்பெனியில் இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அது கிடக்கட்டும்.

நீ எழுதிய காரியம் இன்னும் நடக்கவில்லை என்றால் தயவுசெய்து செய்யாதே. நடந்துவிட்டது என்றால், என்ன என்று ஒரு வரி யாரையாவது எழுதச் சொல்.

இதற்கு மேல் உள்ளதை மாதவனிடம் சொல்லி எழுத வைக்க என்னால் முடியவில்லை. எந்த முடிவு எடுத்திருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்,
கரியப்பன்