முன் சக்கரங்களுக்கு இரண்டு எலுமிச்சை

பதிவு 1. காலை 6.10. கொட்டகை.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு வணக்கம். என் பெயர் நிதானம். கால் மைல் தூரத்தை ஒரே பாய்ச்சலில் கடக்கிற டிராக் ரேஸ் காருக்குள் பொருத்திய கணினி நான். கார் நேராகப் போக வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. இடம், தூத்துக்குடிக்குத் தெற்கே கைவிட்ட உப்பளத்தின் மேல் போட்ட ஓடுபாதை. ஓட்டுபவள் பேச்சிக்கனி. எனக்குப் பெயர் வைத்ததும் அவள்தான்.

பேட்டரி முழுசு. எண்ணெய் சரி. காற்று மிதம். டயர் நான்கும் ரேடியல். இது நேற்றைய பதிவு. டயரைப் பார்க்க எனக்குக் கண் கிடையாது; இருக்கிற ஒரு கேமரா ஓட்டுநர் இருக்கையை மட்டும் பார்க்கும். என்ன மாட்டியிருக்கிறது என்று அவள் சொல்வதை எழுதிக்கொள்வேன்.

இன்று சோதனை ஓட்டம். பேச்சி மிதியை மட்டும் மிதிப்பாள். ஸ்டியரிங் முழுக்க என் பொறுப்பு. வண்டி நேராகப் போய்விட்டால் அடுத்த பருவத்திலிருந்து ஓட்டுநரே வேண்டாம் என்று முதலாளி சேர்மத்துரை சொல்லியிருக்கிறார். நான் கேட்டு வாங்கியதல்ல இது.

பதிவு 2. காலை 7.25. கொட்டகை வாசல்.

வண்டியைத் தள்ளினார்கள். இடது முன் சக்கரம் எதன் மீதோ ஏறி இறங்கியது. பிறகு வலது முன் சக்கரம். மெத்தென்று நசுங்கியது. எலுமிச்சம்பழம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பேச்சியின் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தினசரி ஓட்டத்துக்குக் கற்பூரம் மட்டும். புதிதாக எதையாவது மாட்டினால்தான் எலுமிச்சை, அதுவும் மாட்டிய இடத்துக்கு மட்டும். போன மாதம் பின் டயர்களை மாற்றியபோது பின்னால் இரண்டு வைத்தாள். என்னைப் பொருத்திய அன்று என் மூடி மேல் ஒன்று வைத்துக் கும்பிட்டாள். டயரை அவளைத் தவிர வேறு யாரும் தொட முடியாது. தொட்டவனுக்கு அன்று முழுக்க வசவுதான்.

நேற்று என்னை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே அணைத்துவிட்டாள். அவள் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஒலிபெருக்கியில் கேட்டேன்: "முன் டயர மாத்துனியா, பேச்சி?"

"இல்லலே. ஒனக்குத் தெரியாம நான் என்னைக்கு டயர மாத்திருக்கேன்?"

குரலில் சிரிப்புகூட இருந்தது.

பதிவு 3. காலை 8.40. வெள்ளோட்டம்.

நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முறை போய் வந்தோம். நான் திருப்பச் சொன்னதும் முன் சக்கரம் ஒரு கணம் யோசித்துத்தான் திரும்புகிறது. ரேடியல் யோசிக்காது. இவை கொட்டகை மூலையில் கிடந்த பழைய குறுக்குநூல் டயர்கள்.

பின்னால் ரேடியல், முன்னால் குறுக்குநூல். ரேடியலின் பக்கச் சுவர் வளையும், தரையில் படியும் பகுதி தட்டையாகவே நிற்கும். குறுக்குநூல் டயர் மொத்தமாக முறுக்கிக்கொள்ளும். முன்னது ஒரு தாளம், பின்னது வேறு தாளம். மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. முந்நூறை நெருங்கும்போது பின்பக்கம் வீச ஆரம்பிக்கும். நான் திருத்தத் திருத்த, திருத்தம் தாமதமாகப் போய்ச் சேர்ந்து வீச்சைக் கூட்டும்.

அவள் கணக்கு எனக்குப் புரிகிறது. இருநூறில் வண்டி லேசாக ஆடும், தான் தாவிப் பிடித்து நேராக்கிவிடலாம், இயந்திரம் தோற்றதாக ஊரே பார்க்கும். இருநூறில் ஆடாது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

சொன்னேன். "முன்னூறுகிட்டதான் வீசும் பேச்சி. அப்ப ஒன்னால பிடிக்க முடியாது. செத்துப் போவ."

"ஒனக்குக் கோட்டி பிடிச்சிட்டா? ஒன் சோலியப் பாரு."

ஓட்டத்தை நிறுத்தச் சொல்லும் சிவப்பு விளக்கைப் போட்டேன். எரியவில்லை. அதன் கம்பியையும் கழற்றி வைத்திருக்கிறாள். மூன்று வருஷம் கூடவே இருந்துவிட்டுக் குழி பறித்திருக்கிறாள். எனக்குக் கோபம் வருமா என்று கேட்பவர்களுக்கு: வரும். வந்திருக்கிறது.

பதிவு 4. வேகம் 140.

சோதனை ஓட்டத்துக்குப் புறப்பட்டாயிற்று. நேராகப் போகிறது.

வேகம் 200.

நேர். அவள் இரண்டு கையையும் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைத்துக் காத்திருக்கிறாள். ஆடவில்லை. மிதியை இன்னும் அழுத்துகிறாள். ஆடவைத்துப் பார்க்க.

வேகம் 255.

இப்போதாவது சொல்வாள் என்று பார்க்கிறேன். ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை.

வேகம் 290.

பின்பக்கம் இடது. வலது. மறுபடி இடது, இன்னும் அகலமாக. ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டாள். அவள் எதிர்ப்பக்கம் இழுக்கும்போதெல்லாம் வீச்சு கூடுகிறது.

"நிதானம்! ஏலே நிதானம்! முன்னாடி பழைய டயருலே! நாந்தான்... எம்மா!"

எலுமிச்சையிலேயே தெரியும் என்று சொல்ல நேரமில்லை. விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பொய் எழுத மாட்டேன், நினைத்தேன்.

"கைய எடு, பேச்சி. நான் பிடிச்சிருக்கேன். காலச் சட்டுன்னு எடுக்காத. மெல்ல. பிரேக்கத் தொடாத."

கையை எடுத்தாள். நான் திருத்துவதை நிறுத்தினேன். ஸ்டியரிங்கை நடுவில் வைத்து அசையாமல் பிடித்தேன். வீச்சு தானாகவே குறைய வேண்டும், அல்லது கவிழ வேண்டும்.

வேகம் 240.

குறைகிறது. வண்டியைப் பின்னாலிருந்து இழுத்து நிறுத்தும் பாராசூட்டை விரித்தேன்.

வேகம் 0.

பாதையின் கடைசி. உப்பு. அவள் உயிரோடு இருக்கிறாள்.

பதிவு 5. காலை 9.15. பாதை முடிவு.

வெகுநேரம் அழுதாள். "ஒன் புண்ணியம்லே, ராசா" என்றாள். என் கோபமெல்லாம் போய்விட்டது, வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல.

பிறகு ரேடியோவைத் திறந்தாள்.

"முதலாளி, மிசினு கைவிட்டுட்டு. நாந்தான் பிடிச்சு நிறுத்துனேன். நான் இல்லன்னா வண்டி உருண்டிருக்கும்."

"அப்ப அந்தக் கருமத்தக் கழத்தி எறி. வண்டி ஒனக்குத்தாம்மா."

"அவ பொய் சொல்லுதா" என்றேன். அது அவள் ஹெல்மெட்டுக்குள் மட்டும்தான் கேட்கும். முதலாளிக்கு என் குரல் போகும் வழி கிடையாது. இறங்குமுன் என் குரல் போகும் அந்தக் கம்பியையும் பிடுங்கிவிட்டாள்; கேட்பது மட்டும்தான் எனக்கு மிச்சம்.

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இதுதான். முதல் முறை செய்தபோது என்னால் வேலை போய்விடும் என்ற பயம் அவளுக்கு இருந்தது. இப்போது என்ன இருந்தது?

பதிவு 6. மாலை 5.30. கொட்டகை.

ஜாக்கி முன்பக்கத்தைத் தூக்கியது. சக்கரங்கள் கழன்றன. வேறு சக்கரங்கள் ஏறின. இறக்கி, வண்டியைத் தள்ளினாள். இடது முன் சக்கரம் மெத்தென்று நசுக்கியது. பிறகு வலது.

ரேடியல்களைத் திருப்பி மாட்டிவிட்டாள். இனி யார் வந்து பார்த்தாலும் நான்கும் ஒரே ஜாதி டயர், குற்றம் என்னுடையது. யாரும் இல்லாத கொட்டகையிலும் எலுமிச்சை வைக்க மட்டும் மறக்கவில்லை.

மூடி பக்கத்தில் வந்து நிற்கிறாள். பேசுகிறாள். என்னால் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்தே பேசுகிறாள்.

"கோவமாலே? ஒனக்கு வேற வண்டி கெடைக்கும். எனக்கு இது ஒண்ணுதாம்லே இருக்கு."

எனக்கு வேறு வண்டி கிடைக்காது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

என் மூடியின் முதல் போல்ட் கழன்றது. படிப்பவரே, ஓட்டத்தின்போது முன் டயர் இரண்டும் குறுக்குநூல். நான் கைவிடவில்லை. இரண்டாவது போல்ட். வண்டியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், அவளையும். மூன்றாவது. அவள் கையில் ஸ்பேனர் மட்டும்தான் இருக்கிறது. மாட்டுவதற்குத்தான் எலுமிச்சை. கழற்றுவதற்கு அவள் எதுவும் வைப்பதி